குழுவுக்குத் தன் பெயரை வைக்காத கிதார்காரர்

கேள்வி: ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கியவர் கிதார் வாசித்த பீட்டர் கிரீன் என்று ஜான் மேயால் பற்றிய பேச்சில் சொன்னீர்கள். அப்படியானால் டிரம்ஸ் வாசித்தவரின் பெயரும் பேஸ் வாசித்தவரின் பெயரும் குழுவுக்கு எப்படி வந்தன?

இந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பேஸ் கிதார் வாசிக்கும் ஜான் மெக்வீயை இழுப்பதற்காக வைத்த பெயர் அது. ஆனால் அந்த ஒரு வரியோடு விட மனசு வரவில்லை.

லண்டனில் புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) வாசித்த மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவை நம் பழைய நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1966இல் அதன் கிதார்காரர் எரிக் கிளாப்டன் அங்கிருந்து விலகினார். லண்டன் சுவர்களில் அவரைக் கடவுள் என்று எழுதிவைத்த காலம். அவர் இடத்துக்கு வந்தவர் கிரீன், அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. பதிவுக்கூடத்துக்கு வந்த தயாரிப்பாளர் மைக் வெர்னன், பழக்கமில்லாத ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து எரிக் எங்கே என்று கேட்டாராம். அவர் போய்விட்டார், கவலைப்படாதீர்கள், அவரைவிட நல்லவர் கிடைத்திருக்கிறார் என்றாராம் மேயால். வெர்னன் நம்பவில்லை. கிரீன் வாசித்த பிறகு நம்பினார்.

அந்தக் குழுவில் பேஸ் வாசித்தவர்தான் மெக்வீ. வருமான வரி அதிகாரி வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த பையன், அதை விட்டுவிட்டு புளூஸுக்கு வந்தவர். 1967இல் சில வாரங்கள் மட்டும் மிக் ஃப்ளீட்வுட் அங்கே டிரம்ஸ் வாசித்தார். குடித்துவிட்டு வாசித்ததால் மேயால் அனுப்பிவிட்டார். மெக்வீயையும் அதே காரணத்துக்காகப் பலமுறை அனுப்பியிருக்கிறார், ஆனால் அவரை ஒவ்வொரு தடவையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். மிக்குக்கு அந்த அழைப்பு வரவில்லை.

சரி, பெயருக்கு வருகிறேன். மேயால் பதிவுக்கூட நேரம் கொஞ்சம் கிரீனுக்கு இலவசமாகக் கொடுத்தார். கிரீன், மிக், மெக்வீ மூவரும் ஐந்து பாடல்களைப் பதிவு செய்தார்கள். அதில் பாட்டில்லாத ஓர் இசைத்துண்டுக்கு, தன்னோடு வாசித்த இருவரையும் நினைத்து, ‘ஃப்ளீட்வுட் மேக்’ என்று கிரீன் பெயர் வைத்தார். பிறகு தனிக்குழு தொடங்கியபோது, மெக்வீ வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில், குழுவுக்கும் அதே பெயர். நம் கச்சேரி நோட்டீசில் பக்கவாத்தியக்காரர்கள் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டுப் பாடுகிறவர் பெயரையே விட்டதுபோல!

வேடிக்கை என்னவென்றால், பெயரில் இருந்த ‘மேக்’, அதாவது மெக்வீ, வரவில்லை. மேயாலிடம் தவறாமல் கிடைத்த சம்பளத்தை விட மெக்வீக்கு மனமில்லை. அதனால் விளம்பரம் கொடுத்து பாப் பிரன்னிங்கை எடுத்தார்கள். மெக்வீ வந்தால் நீங்கள் விலக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்கள், அவரும் ஒப்புக்கொண்டார். அப்புறம் ஜெரமி ஸ்பென்சர். லிச்ஃபீல்டு பக்கத்திலிருந்து வெர்னன் கண்டுபிடித்துக் கொடுத்தவர், ஸ்லைடு கிதாரில் (கம்பிமேல் குழாயை வழுக்கி வாசிப்பது) அமெரிக்க புளூஸ்காரர் எல்மோர் ஜேம்ஸைத் தவிர வேறு நினைப்பே இல்லாதவர். 1967 ஆகஸ்ட் 13 அன்று வின்சர் ஜாஸ், புளூஸ் விழாவில் இந்த நால்வரும் முதல்முறை மேடை ஏறினார்கள். ஆக, முதல் கச்சேரி ‘மேக்’ இல்லாத ஃப்ளீட்வுட் மேக் கச்சேரி. சில வாரங்களில் மேயால் ஊதுகருவிகளைச் சேர்த்து ஜாஸ் பக்கம் போக, அது பிடிக்காமல் மெக்வீ இங்கே வந்துவிட்டார். பிரன்னிங் சொன்னபடி ஒதுங்கினார். பின்னாளில் அவர் பள்ளித் தலைமையாசிரியராகவும் இருந்திருக்கிறார்.

பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. மிக் பின்னாளில் சொன்னது இது: நான் எப்போதாவது போய்விடுவேன், அப்போது உங்கள் இருவருக்கும் ஏதாவது இருக்க வேண்டும் என்று கிரீன் நினைத்தாராம். பதிவு நிறுவனம் விடுமா? 1968 பிப்ரவரியில் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில் ‘பீட்டர் கிரீன்ஸ் ஃப்ளீட்வுட் மேக்’ என்றே அச்சடித்தது. அது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம்வரை போனது.

இதையெல்லாம் அடக்கம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அது போதவில்லை. நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது, கிரீன் வாசிக்காமல் விட்டது என்ன என்பதைத்தான். முன்பும் சொல்லியிருக்கிறேன், இன்னொரு தடவை சொல்வதில் தப்பில்லை: புளூஸில் பாதி வேலை நிறுத்தத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து லண்டன் கிதார்காரர்கள் வேகத்துக்கும் சத்தத்துக்கும் போட்டி போட்டார்கள். கிரீன் ஒரு ஸ்வரத்தை வைத்துவிட்டு, அது அடங்கும்வரை காத்திருப்பார்.

இவர்களின் ‘ஆல்பட்ராஸ்’ கேளுங்கள். 1968 கடைசியில் வந்து, 1969 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பாடல் வரி ஒன்றுகூடக் கிடையாது. மிக் குச்சிக்குப் பதில் பஞ்சுத்தலைக் கோல்களால் தட்டுகிறார், அதனால் டிரம்ஸ் ஒலி அலைபோல உருள்கிறது. கூட கிதார் வாசிப்பவர் பதினெட்டு வயது டேனி கிர்வன். ஸ்பென்சர் அதில் இல்லவே இல்லை. நான் பின்னாளில் வந்த ‘ரூமர்ஸ்’ ஆல்பம் வழியாக இந்தக் குழுவுக்கு வந்தவன். முதலில் இதைக் கேட்டபோது அதே குழு என்று நம்பவே முடியவில்லை.

இன்னொரு சான்று. அதே ஜனவரியில் இவர்கள் சிகாகோ போய் செஸ் ஸ்டுடியோவில் வில்லி டிக்சன், பட்டி கை, ஓடிஸ் ஸ்பான் போன்ற அமெரிக்க புளூஸ் பெரியவர்களோடு பதிவு செய்தார்கள். அதையொட்டி, பியானோ வாசிக்கும் ஸ்பானின் ஓர் ஆல்பத்துக்கு கிரீன் பின்னணி வாசித்தார். பியானோ பேசும்போது கிதார் கிட்டத்தட்ட காணாமல் போகும், பியானோ மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டே ஸ்வரம் வரும். தன் ஊரில் பெரிய நட்சத்திரமாகிவிட்ட ஒருவர் அப்படி வாசிக்கிறார் என்பதுதான் எனக்கு விஷயம்.

கிரீனின் கிதாரில், கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பில் காந்தம் திரும்பியிருந்ததால்தான் அந்த ஒலி என்று யாராவது கமெண்டில் எழுதுவீர்கள். ஒலியின் நிறத்துக்கு அதில் பங்கு உண்டு. அந்தக் காத்திருப்பு காந்தத்தில் வராது. அதே கிதாரைப் பின்னால் வாங்கிய கிதார்காரர் கேரி மூரின் வாசிப்பு வேறு மாதிரி.

1970 மே மாதம் கிரீன் விலகினார். அந்த வருஷங்களின் போதை, மனநோய், பணத்தைத் தானம் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு எல்லாம் தனி வீடியோவுக்கு உரியவை, இப்போது தொட வேண்டாம். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போன பிறகு, பெயரைக் கொடுத்த இருவர் மட்டும் குழுவில் தங்கினார்கள். 1977இல் ‘ரூமர்ஸ்’ வந்தபோதும் அதே டிரம்ஸ், அதே பேஸ்தான்.

அடுத்த வாரத்துக்குள் ஒரு வேலை செய்யுங்கள். முதல் ஆல்பத்தில் ‘லாங் கிரே மேர்’ பாடலுக்கு மட்டும் பேஸ் வாசித்தவர் பிரன்னிங். அதையும் பக்கத்தில் உள்ள ஒரு பாடலையும் ஹெட்ஃபோனில் கேட்டு, வித்தியாசம் காதில் விழுகிறதா என்று எழுதுங்கள். சரி, அடுத்த கேள்வி.