இலவச பஸ் விட்டாச்சே, இன்னும் என்ன குறை? – நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். கட்டணமில்லாப் பயணம் பற்றிப் போன முறை பேசியதைக் கேட்டுவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "பெண்களுக்கு பஸ் இலவசம். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலையும் நடக்கிறது. அப்புறமும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் மக்களுக்குப் போக்குவரத்துக் குறை இருக்கிறது என்கிறீர்களே, இன்னும் என்ன செய்ய வேண்டும்?" இந்த இரண்டும் சென்னையின் தெற்கு ஓரத்தில், ஓ.எம்.ஆர் என்னும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் இருக்கும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகள். நல்ல கேள்வி. அன்றிலிருந்து மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் ஒன்று. 2021 மே மாதம் வந்த அந்த இலவசப் பயணத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஒரு பெண்ணுக்கு மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது பெரிய தொகை. அவர் காலையில் போய் மாலையில் திரும்புவதோடு பயணம் முடிவதில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ஒரு வீட்டில் வேலை முடித்து, அடுத்த வீட்டுக்குப் போய், ரேஷன் கடைக்கும் போவார். 2018 கட்டண உயர்வுக்குப் பிறகு குறைந்தபட்ச டிக்கெட்டே 5 ரூபாய். ஒவ்வொரு முறை ஏறும்போதும் அதைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவு ஒரே நாளில் இல்லாமல் போனது.

ஆனால் இந்தச் சலுகை சாதாரணக் கட்டண பஸ்ஸுக்குத்தான். டீலக்ஸ் வந்தால் காசு கொடுத்து ஏற வேண்டும், இல்லையென்றால் அதை விட்டுவிட்டு நிற்க வேண்டும். நம் பழைய நேயர்களுக்கு நான் எதற்கு வருகிறேன் என்று தெரிந்திருக்கும். டிக்கெட் காசை மட்டும் பார்க்காதீர்கள், நிறுத்தத்தில் நிற்கும் நேரத்தையும் பாருங்கள். இலவசமாக ஏறலாம், சரி. அந்த பஸ் எத்தனை மணிக்கு வரும்?

கண்ணகி நகர் எப்படி உருவானது என்று நினைத்துப் பாருங்கள். 2000ஆம் ஆண்டுவாக்கில் ஆரம்பித்து, நகரத்துக்குள் குடிசைகளில் இருந்தவர்களை அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து நிறையக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போயின. நடந்தே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்கள். வீட்டை மாற்றினார்கள், வேலை பழைய இடத்திலேயே இருந்தது. காலை ஆறரைக்கு மயிலாப்பூரில் வாசல் தெளிக்க வேண்டிய அம்மா பெரும்பாக்கத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவார்? முதல் பஸ் தவறினால் அந்த வீட்டு வேலையே போகும். அதனால் வேலையை விட்டவர்கள் பலர். மறுகுடியமர்வு என்றால் வீட்டுச் சாவியோடு பஸ்ஸும் சேர்ந்து வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே சுயமரியாதை இயக்கத் தலைவர் சௌந்திரபாண்டியனார் கதையை மறுபடி சொல்லியாக வேண்டும். இராமநாதபுரம் மாவட்டக் கழகத்துக்கு, அதாவது அந்தக் கால ஜில்லா போர்டுக்கு, அவர் தலைவராக இருந்த காலத்தில், தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்றமாட்டார்கள். ஏற்ற மறுத்தால் உரிமம் ரத்து என்று அவர் உத்தரவு போட்டார். எனக்கு எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காத செய்தி இது. பஸ்ஸை உரிமை விஷயமாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு அவ்வளவு பழையது. இன்றைக்கு யாரும் யாரையும் இறக்கிவிடுவதில்லை. ஆனால் அட்டவணை போடும்போது ஒரு குடியிருப்பைக் கணக்கிலேயே எடுக்காவிட்டால், அங்கே இருப்பவர் ஏற முடியாமல்தானே நிற்கிறார்?

மெட்ரோவைப் பற்றியும் கேட்டிருக்கிறார். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் தடம் ஓ.எம்.ஆர் வழியாகத்தான் போகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் குடியிருப்புக்குள்ளிருந்து அந்தச் சாலைக்கு வர ஷேர் ஆட்டோவுக்கு ஒரு காசு, மெட்ரோவுக்கு ஒரு காசு, இறங்கிய பிறகு மறுபடி ஒரு காசு என்றால் யாருக்குக் கட்டுப்படியாகும்? கொலம்பியாவின் மெதயின் நகரத்தில், மலைச்சரிவில் வாழும் ஏழை மக்களுக்காக 2004இல் கம்பிவட வண்டி விட்டபோது, அதில் இறங்கி மெட்ரோவில் ஏறத் தனி டிக்கெட் கேட்கவில்லை. இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும். 2013இல் சென்னையில் விட்ட சிற்றுந்துகளைப் போல உள்தெருக்களுக்குள் போய்வரும் வண்டிகளும், அந்த ஒரே டிக்கெட்டுக்குள் வர வேண்டும்.

 

இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, நடுவில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் நான் காத்திருக்கிறேன். ஒவ்வொரு குடியிருப்பு நிறுத்தத்திலும் இந்த மூன்றையும் எழுதி ஒட்ட வேண்டும். எழுதியபடி ஓடாவிட்டால் கேட்க ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம், அதாவது அந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் கூட்டம், நடந்தால் இதைக் கேளுங்கள். செம்மஞ்சேரி, கண்ணகி நகர், பெரும்பாக்கத்திலிருந்து பார்ப்பவர்கள், காலையில் எத்தனை மணிக்கு நிறுத்தத்துக்கு வருகிறீர்கள், எத்தனை மணிக்கு பஸ் கிடைக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த பேச்சில் அதை வைத்தே பேசுகிறேன்.