ஹட்சன் ஆற்றுக்கடியில் காற்றோட்டம்: பொறியாளர் ஹாலண்ட்

அவையோர்க்கு வணக்கம். கிளிஃபர்ட் மில்பர்ன் ஹாலண்ட் வாழ்ந்தது 41 ஆண்டுகள்தாம். ஹார்வர்டில் படித்து முடித்ததும் நியூயார்க்கில் ஈஸ்ட் ஆற்றுக்கு அடியே மெட்ரோ ரயில் சுரங்கங்கள் தோண்டும் பணியில் சேர்ந்தார். 1919இல், நியூயார்க்கையும் நியூ ஜெர்சியையும் இணைக்கும் ஹட்சன் ஆற்றுச் சாலைச் சுரங்கத்துக்குத் தலைமைப் பொறியாளரானார்.

பனாமா கால்வாய் கட்டிய கோத்தல்ஸ், காங்கிரீட் கட்டைகளாலான 42 அடி விட்டமுள்ள ஒரே ஈரடுக்குக் குழாயைப் பரிந்துரைத்திருந்தார். அவ்வளவு பெரிய பெயரை மறுத்து, வார்ப்பிரும்பு வளையங்களாலான இரட்டைக் குழாய்களே வேண்டும் என்றார் ஹாலண்ட். அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

தோண்டும் முறையைப் பாருங்கள். உருளை வடிவக் கவசத்தை ஹைட்ராலிக் ஜாக்கிகள் ஆற்று வண்டலுக்குள் 30 அங்குலம் தள்ளும், பின்னால் ஒரு வளையத்தைப் பூட்டுவார்கள், மறுபடி தள்ளுவார்கள். நீர் புகாதிருக்க உள்ளே அழுத்தக் காற்று. சிக்கல் அங்கேதான். சுமார் 30 அடி உயர முகப்பில் மேலுக்கும் கீழுக்கும் நீரழுத்தம் சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு வேறுபடும். அடிப்பக்கத்துக்கு ஏற்ப அழுத்தம் வைத்தால் மேலே காற்று வண்டலைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும். மேற்பக்கத்துக்கு ஏற்ப வைத்தால் கீழே நீர் கசியும். தொழிலாளர்கள் வெளியே வரும்போது அழுத்தத்தை மெதுவாகக் குறைக்காவிட்டால் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுகளை முடக்கும், உயிரையும் வாங்கும்.

இவையெல்லாம் ரயில் சுரங்கங்களிலேயே பழகியவை. மோட்டார் வண்டிப் புகைதான் புதிது. மின்ரயில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை விடுவதில்லை. சுரங்கத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காற்றை ஊதினால் உள்ளே புயல்தான் வீசும். ஹாலண்ட் ஊகத்தை நம்பவில்லை; சோதனை கேட்டார். பென்சில்வேனியாவின் புரூஸ்டனில் சோதனைச் சுரங்கம் அமைத்துக் கார்களை ஓட்டி அளந்தார்கள். 10,000 பங்கு காற்றில் 4 பங்கு மோனாக்சைடு என்பதே வரம்பாக முடிவாயிற்று.

அதற்கான அமைப்பு இது: சாலைக்குக் கீழே புதுக்காற்றுப் பாதை, காற்று சாலையோரத் துளைகள் வழியே வரும், புகை கூரைக்கு மேலுள்ள பாதையில் உறிஞ்சப்படும். ஊத 42 விசிறிகள், உறிஞ்ச 42. 90 நொடிக்கு ஒருமுறை காற்று முழுவதும் மாறும்.

இரு கரைச் சுரங்கங்களும் சந்திக்க இரண்டே நாள் இருக்கையில், 1924 அக்டோபர் 27 அன்று ஹாலண்ட் காலமானார். அடுத்து வந்த மில்டன் ஃப்ரீமன் சில மாதங்களில் இறந்தார். ஓலே சிங்ஸ்டாட் பணியை முடிக்க, 1927 நவம்பர் 13 அன்று ஹாலண்டின் பெயர் தாங்கிய சுரங்கம் திறக்கப்பட்டது.