தங்கவயலுக்குப் போன கம்பி

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூருத் தமிழர் வீடுகளில் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், கோலார் தங்கவயலில் வேலை பார்த்த ஒருவராவது அகப்படுவார். எங்கள் வீட்டில் அம்மாவின் தாத்தா, வட ஆற்காட்டிலிருந்து போனவர். அங்கே சுரங்கத்தில் தண்ணீர் இறைப்பது, ஆட்களை இறக்கி ஏற்றுவது எல்லாம் ஆரம்பத்தில் நீராவி எந்திரங்கள்தான். கொதிகலன்கள் விறகையும் கரியையும் விழுங்கிக்கொண்டே இருந்தன. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்நிலையம் கட்டி, அங்கிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். ஊருக்கு வெளிச்சம் வருமுன்பே சுரங்கத்துக்குக் கரண்ட் வந்துவிட்டது.

தொழிற்சாலைகளை நெருப்பிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றினால் கரியமில வாயு குறையுமா என்று பேச அழைத்திருக்கிறார்கள். தங்கவயலில் குறைந்தது, அந்தக் கம்பியின் மறுமுனையில் அருவி இருந்ததே காரணம். இன்று நம் கம்பியின் மறுமுனையில் பெரும்பாலும் நிலக்கரி இருக்கிறது. வம்பு அங்கேதான்.

எரிசக்தித் தணிக்கை, அதாவது தொழிற்சாலைகளில் எரிபொருளும் கரண்டும் எங்கே வீணாகிறது என்று கணக்குப் பார்ப்பது, என் தொழில். பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையில், இரும்பைச் சிவக்கக் காய்ச்சி அடித்து உருவம் கொடுக்கும் ஒரு ஃபோர்ஜிங் பட்டறைக்குப் பல வருஷமாகப் போய்வருகிறேன். அங்கே எண்ணெய் உலை ஒன்று இருந்தது. முதல் இரும்புத் துண்டு சிவப்பதற்கே ஒன்றரை மணி நேரம் முன்னால் பற்றவைக்க வேண்டும். புளோயர் சத்தத்தில் பேச்சு கேட்காது, கைஜாடைதான். கதவைத் திறந்தால் பத்தடி தள்ளி நிற்பவர் முகம் காந்தும். துண்டை இடுக்கியில் பிடித்து வெளியே இழுக்கும்போது, கருகிய செதில் உதிரும். காசு கொடுத்து வாங்கிய இரும்பு அது. ஆயில் சூட்டில் பெரும்பகுதி சுவரிலும் புகைபோக்கியிலும் போய்விடும். இரும்புக்குள் போவது ஐந்தில் ஒரு பங்கு தேறினால் பெரிது.

இப்போது அங்கே இண்டக்‌ஷன் ஹீட்டர் இருக்கிறது. உள்ளே தண்ணீர் ஓடும் செம்புச் சுருள். அதற்குள் துண்டைத் தள்ளினால், சூடு வெளியிலிருந்து ஏறாமல் இரும்புக்குள்ளேயே பிறக்கிறது. பக்கத்தில் நின்று சாவகாசமாகப் பேசலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். எல்லாம் தோராயமான எண்கள். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்) சூடு இருக்கிறது, எரித்தால் 2.7 கிலோ கரியமில வாயு வரும். நம் நாட்டு மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சராசரி 0.7 கிலோ. பழைய உலையில் ஒரு லிட்டர் எரித்தால் இரும்புக்கு 2 யூனிட் சூடு கிடைக்கும். அதே 2 யூனிட்டை ஏற்ற இண்டக்‌ஷனுக்கு மூன்று, மூன்றரை யூனிட் கரண்ட் போதும். சுமார் 2.3 கிலோ. நிலக்கரிக் கரண்டிலேயே கொஞ்சம் லாபம், செதிலில் போகும் இரும்பும் மிச்சம்.

இதைப் பார்த்துவிட்டு ஒருவர், “அப்போ நம்ம பாய்லரையும் கரண்டுக்கு மாத்திடலாமா சார்?” என்றார். அவசரப்படாதீர்கள் என்றேன். நல்ல பாய்லர் ஒரு லிட்டரில் 8 யூனிட் சூட்டை நீராவிக்குக் கொடுத்துவிடும். அதை மின்சார பாய்லரில் செய்தால் 5.6 கிலோ. இரண்டு மடங்கு! கண்ணுக்குப் புகை தெரியாது, அவ்வளவுதான். அது வேறு ஊரில் கக்கிக்கொண்டிருக்கும். ஹீட் பம்ப் வேறு கதை. ஃபிரிட்ஜின் பின்பக்கம் சூடாக இருக்குமே, அதே வித்தை. வெளிக்காற்றின் சூட்டைத் திரட்டிக் கொடுப்பதால் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு வரை கிடைக்கும். கழுவுவது, உலர்த்துவது மாதிரி வேலைகளுக்கு, அதாவது இட்லி வேகும் சூட்டுக்கு உள்ளே, தாராளமாகப் போதும். இரும்பை அதில் சிவக்க வைக்க முடியாது.

சிமெண்ட் ஆலை எதிலும் அடங்காது. அங்கே வாயுவில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக் கல்லிலிருந்தே வருகிறது; உலையைக் கரண்டில் ஓட்டினாலும் கல் அந்த வாயுவை விடத்தான் செய்யும்.

சுத்தமான கரண்ட் இல்லாமல் இல்லை. தும்கூரு மாவட்டத்துப் பாவகடாவில் மட்டும் 2050 மெகாவாட் சூரியப் பூங்கா இருக்கிறது. 100 கிலோவாட் வாங்குகிற சின்னப் பட்டறைகூட வெளியிலிருந்து பசுமை மின்சாரம் வாங்கலாம் என்று 2022-இல் விதி மாறியது. வெயில் நேரக் கரண்டுக்குக் கட்டணம் 20 சதவீதமாவது குறைய வேண்டும் என்று 2023-இல் இன்னொரு விதி. ஆனால் நம் பட்டறைக்காரர்களுக்கு ராத்திரி கரண்ட்தான் மலிவு என்று மனசில் பதிந்துபோயிருக்கிறது. ஷிஃப்டைப் பகலுக்கு மாற்றச் சொன்னால் நான் என்னவோ ஜாதகத்தை மாற்றச் சொன்னது போலப் பார்க்கிறார்கள்.

நான் சொன்ன பட்டறையில் மெஷின் வந்து இறங்கியும் கூடுதல் லோடுக்கு அனுமதி வரவில்லை. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பதினொரு மாதம் அது பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. முதலாளி வட்டி கட்டினார், என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

இப்போது அங்கே காலை பத்து மணிக்கு மெஷினைப் போடுகிறார்கள். போன மாதம் போனபோது இடுக்கி பிடிக்கும் தருமபுரி அண்ணன் ஒரு குறை சொன்னார். “முன்னெல்லாம் உலை மேல டிபன் பாக்ஸை வச்சுடுவோம் சார், மத்தியானம் சோறு சூடா இருக்கும். இதுல எங்க வைக்கிறது?” முதலாளி அவர்களுக்கு ஒரு ஹாட் பிளேட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதுவும் கரண்டுதான்.

வணக்கம்.