நோ மாட்யூல் நேம்டு... இத சொல்றது எந்த பைத்தான்?

வணக்கம் மக்களே, நேரா ஸ்க்ரீனுக்கே போயிடலாம். இந்த சிவப்பு எழுத்து தெரியுதா? மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர், நோ மாட்யூல் நேம்டு பாண்டாஸ். மாட்யூல்னா நாம இம்போர்ட் பண்ணி பயன்படுத்துற ரெடிமேட் கோட், டேட்டா வேலைக்கான பாண்டாஸ்ங்கிறது கிடைக்கலன்னு பைத்தான் சொல்லுது. பைத்தான் கத்துக்க ஆரம்பிச்சவங்க எல்லாருக்கும் இது ஒரு தடவையாவது வந்திருக்கும், வரலன்னா சீக்கிரமே வரும், அதனால பொறுமையா கூடவே வாங்க.

எனக்கு இது முதல் தடவ வந்தப்போ ஒரு முழு ராத்திரி போச்சு. பைத்தானுக்கு பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற டூல் தான் பிப், அதுல பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்னு அடிச்சா ரிக்வையர்மெண்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைடு, ஏற்கனவே இருக்குங்குது, சரின்னு கோட ரன் பண்ணா நோ மாட்யூலுங்குது, ஒண்ணு இருக்குங்குது இன்னொண்ணு இல்லங்குது, நான் அன்இன்ஸ்டால் பண்ணி திரும்ப இன்ஸ்டால் பண்ணி சிஸ்டத்த ரீஸ்டார்ட் பண்ணி கடைசியில புது வெர்ஷன் பைத்தானையும் டவுன்லோட் பண்ணி மேல போட்டேன், ஏற்கனவே இருந்ததோட இன்னொரு பைத்தான் சேர்ந்தது தான் மிச்சம். அழுகையே வந்துடுச்சு, நமக்கு இதெல்லாம் வராதோன்னு தோணுச்சு. அந்த நிலைமையில இப்ப யாராவது இருந்தீங்கன்னா உங்களுக்காகத்தான் இந்த வீடியோ.

விஷயம் என்னன்னா அன்னிக்கு ரெண்டுமே உண்மையத்தான் சொல்லிட்டு இருந்துச்சு. நான் அடிச்ச பிப் ஒரு பைத்தானோடது, கோட ஓட்டுனது வேறொரு பைத்தான். ஒவ்வொரு பைத்தானுக்கும் சைட் பேக்கேஜஸ்னு தனி ஃபோல்டர் இருக்கு, நாம இன்ஸ்டால் பண்றது அந்தந்த ஃபோல்டருக்குள்ள தான் போய் உக்காரும், ஒண்ணுல போட்டது இன்னொண்ணுக்கு தெரியவே தெரியாது. இதுல எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல, ஏன்னா அந்த ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைடு வரியிலயே பதில் இருந்துச்சு, அந்த வரி முடியுற இடத்துல ஒரு பாத் வரும் பாருங்க, இங்க ஜூம் பண்றேன், பைத்தான் 3.9 சைட் பேக்கேஜஸ்னு இருக்கா? என் கோட் ஓடுனது 3.12ல. அத ஒழுங்கா படிச்சிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.

அதனால எதையும் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி இத பண்ணுங்க. எரர் வர்ற அதே ஃபைல்ல மேல ரெண்டு வரி, இம்போர்ட் சிஸ், அடுத்து பிரிண்ட் சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள். ரன் பண்ணா இந்த கோட ஓட்டுற பைத்தான் எங்க இருக்குன்னு முழு அட்ரஸ் வரும். அடுத்து டெர்மினல்ல, அதாவது கமாண்ட் அடிக்கிற விண்டோல, பிப் ஹைஃபன் ஹைஃபன் வெர்ஷன்னு அடிங்க, அதுவும் தான் எந்த பைத்தானுக்கு சொந்தம்னு சொல்லிடும். ரெண்டும் பொருந்தலயா, பிரச்சினை கிடைச்சாச்சு.

சரி பண்றது எப்படின்னா, வெறும் பிப் இன்ஸ்டால்னு அடிக்கிற பழக்கத்த விட்டுட்டு பைத்தான் ஹைஃபன் எம் பிப் இன்ஸ்டால்னு அடிங்க. இப்படி அடிச்சா எந்த பைத்தான கூப்பிடுறீங்களோ அதோட பிப் தான் வேலை செய்யும், வழி மாற சான்ஸே இல்ல. விஎஸ் கோட் எடிட்டர்ல இருக்கவங்களுக்கு இன்னொரு இடம் இருக்கு, கமாண்ட் பேலட்ல பைத்தான் செலக்ட் இன்டர்ப்ரிட்டர்னு தேடுங்க, எந்த பைத்தான் கோட ஓட்டணும்னு அங்க தேர்ந்தெடுக்கலாம், ஏன்னா டெர்மினல்ல விர்ச்சுவல் என்விரான்மெண்ட், அதாவது ஒரு ப்ராஜெக்டுக்குன்னு தனியா வச்சிருக்குற பைத்தான், ஆன்ல இருந்தாலும் எடிட்டர் வேற பைத்தான பிடிச்சு வச்சிருக்கலாம். ஜூபிட்டர் நோட்புக்ல இருந்தீங்கன்னா அந்த செல்லுக்குள்ளயே சதவீத குறி போட்டு பிப் இன்ஸ்டால், அப்புறம் கர்னல, அதாவது பின்னாடி கோட ஓட்டிட்டு இருக்குற பைத்தான, ரீஸ்டார்ட் பண்ணிக்கோங்க, அவ்வளவு தான்.

விர்ச்சுவல் என்விரான்மெண்ட் பத்தி தனி வீடியோவே போடணும், இப்போதைக்கு ஒண்ணு மட்டும் சொல்றேன், புது டெர்மினல் திறந்தா திரும்ப ஆக்டிவேட் பண்ணணும், நேத்து பண்ணது இன்னிக்கு செல்லாது.

அடுத்தது பேரு குழப்பம். இன்ஸ்டால் பண்ற பேரும் இம்போர்ட் பண்ற பேரும் ஒண்ணா இருக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. இம்போர்ட் சிவி2ன்னு எழுதுறோம், ஆனா இன்ஸ்டால் பண்ண வேண்டியது ஓப்பன்சிவி ஹைஃபன் பைத்தான். பிஐஎல்னு இம்போர்ட் பண்றதுக்கு பில்லோ, எஸ்கேலேர்னுக்கு சைகிட் ஹைஃபன் லேர்ன், பிஎஸ்4க்கு பியூட்டிஃபுல் சூப் 4, யாமலுக்கு பைய்யாமல். இங்க தயவுசெஞ்சு ஒண்ணு கேளுங்க, எரர்ல வந்த பேர அப்படியே காப்பி பண்ணி பிப் இன்ஸ்டால் போடாதீங்க, பிப் பேக்கேஜ் எடுக்குற ஆன்லைன் இடம் தான் பைபிஐ, அதுல யார் வேணும்னாலும் பேக்கேஜ் ஏத்தலாம், பிரபலமான பேரு மாதிரியே ஒரு எழுத்து மாத்தி வைரஸ் கோட ஏத்தி வச்ச சம்பவங்கள் நிஜமா நடந்திருக்கு. அந்த லைப்ரரியோட சொந்த டாக்குமெண்டேஷன் போய் இன்ஸ்டால் கமாண்ட் எடுங்க, ஒரு நிமிஷம் தான் ஆகும்.

சில மாட்யூல் கிடைக்காததுக்கு காரணம் பைத்தானே அத எடுத்துட்டது தான். பேக்கேஜ் கட்டுறதுக்கு பைத்தான் கூடவே வந்துட்டு இருந்த டிஸ்ட்யூட்டில்ஸ பழைய டுட்டோரியல் பார்த்து இம்போர்ட் பண்றீங்கன்னா, 2023ல வந்த பைத்தான் 3.12ல இருந்து அத எடுத்துட்டாங்க. செட்அப்டூல்ஸ்ங்கிற பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணா பல நேரம் சரியாகும், உங்க மேல தப்பே இல்ல.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படுற ஒண்ண காட்டுறேன். பாருங்க, ஒரு ஃபைல், உள்ள இம்போர்ட் ரேண்டம், அப்புறம் ஏதோ ஒரு நம்பர் எடுக்க ரேண்டம் டாட் ரேண்ட்இன்ட், வேற ஒண்ணும் இல்ல. ரன் பண்ணா எரர், ரேண்டம்ல ரேண்ட்இன்ட்டே இல்லங்குது. எப்படி இல்லாம போகும்? ஃபைலோட பேர பாருங்க, ரேண்டம் டாட் பிஒய்னு நானே வச்சிருக்கேன். பைத்தான் ஒரு மாட்யூல தேடுறப்போ சிஸ் டாட் பாத்னு ஒரு லிஸ்ட்ல வரிசையா தேடும், அதுல முதல் இடம் நீங்க ரன் பண்ற ஃபைல் இருக்குற ஃபோல்டருக்கு, அதனால நம்ம ரேண்டம் கிடைச்ச உடனே அங்கயே நின்னுடும், உண்மையான ரேண்டம் வரைக்கும் போகவே போகாது. ஒரு விஷயத்த கத்துக்கிறப்போ அந்த பேரையே ஃபைலுக்கு வைக்கிறது எல்லாருக்கும் இயல்பா வர்றது தான், அதனால புதுசா வர்றவங்க தான் இதுல அதிகமா மாட்டுறாங்க. 2024ல வந்த 3.13ல இருந்து ஃபைல் பேர மாத்தி பாருங்கன்னு எரரே சொல்லிடுது, அத பார்த்தப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

அதே லிஸ்ட் தான் சொந்த ஃபைல் கிடைக்காததுக்கும் காரணம். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள யூட்டில்ஸ்னு ஒரு ஃபோல்டர், ஸ்கிரிப்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர், ஸ்கிரிப்ட்ஸ்குள்ள ரிப்போர்ட் டாட் பிஒய். அத நேரா ரன் பண்ணா தேடல் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டர்ல இருந்து ஆரம்பிக்கும், வெளிய பக்கத்துல இருக்குற யூட்டில்ஸ் கண்ணுல படாது. நாம டெர்மினல்ல எந்த ஃபோல்டர்ல நிக்கிறோம்ங்கிறது இங்க கணக்கே இல்ல, இதத்தான் நான் ரொம்ப நாள் தப்பா நினைச்சிட்டு இருந்தேன். ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல நின்னு பைத்தான் ஹைஃபன் எம் ஸ்கிரிப்ட்ஸ் டாட் ரிப்போர்ட்னு அடிங்க, கடைசியில டாட் பிஒய் வேண்டாம், இப்ப நிக்கிற இடத்துல இருந்து தேடும். சிஸ் டாட் பாத்ல அப்பெண்ட் பண்ண சொல்லி நிறைய பேரு சொல்லுவாங்க, ஓடும், ஆனா ஃபோல்டர் மாத்துன அன்னிக்கு உடையும், எனக்கு அது பிடிக்கல.

கடைசியா, ரெண்டு ஃபைல் ஒண்ண ஒண்ணு இம்போர்ட் பண்ற பிரச்சினை. யூசர் ஃபைல் ஆர்டர இம்போர்ட் பண்ணுது, ஆர்டர் ஃபைல் யூசர இம்போர்ட் பண்ணுது. எரர்ல பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல்னு வருதா, அப்ப ஃபைல் இருக்கு, இன்னும் பாதி தான் லோட் ஆகியிருக்கு, அதுக்குள்ள இன்னொண்ணு வந்து அதுகிட்ட கேக்குது. ரெண்டுக்கும் பொதுவா இருக்குறது இந்த தள்ளுபடி கணக்கு ஃபங்ஷன் மட்டும் தான், அத கட் பண்ணி டிஸ்கவுண்ட் டாட் பிஒய்னு மூணாவது ஃபைல்ல போடுறேன், ரெண்டும் இனிமே அங்க இருந்து எடுத்துக்கட்டும், இந்த ரெண்டு வரியையும் மாத்திட்டேன், சேவ், ரன்... ம், ஓடிடுச்சு பாருங்க.