எம்ஏ 3151: பாட எண்ணைப் படிப்பது எப்படி?

(திரையில்: எம்ஏ 3151)

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில், 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டின் பாடத்திட்ட விதிமுறையில், முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பரின் எண் இது. பாடத்தின் பெயர் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ். ஏதோ வரிசை எண் என்று விட்டுவிடாதீர்கள்.

எம்ஏ என்பது கணிதத் துறை. அடுத்து வரும் 3, ரெகுலேஷனைக் காட்டுகிறது. 2013 ரெகுலேஷனுக்கு 6, 2017-க்கு 8, 2021-க்கு 3. ஏன் இந்த வரிசை என்று கேட்காதீர்கள், மனப்பாடம்தான்! அதற்கடுத்த 1, முதல் செமஸ்டர். இதே கணக்கில் சிஎஸ் 3451, அதாவது இன்ட்ரொடக்ஷன் டு ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ், நாலாவது செமஸ்டர்.

(திரையில்: எம்ஏ 8151, எம்ஏ 3151 அருகருகே)

பலர் ஏமாறுவது இங்கேதான். பழைய கேள்வித்தாள் தேடும்போது 8151 கிடைக்கும். அதுவும் முதல் செமஸ்டர் கணக்குதானே என்று போட்டுப் பார்ப்பார்கள். 3151-இல் முதல் யூனிட்டே மேட்ரிக்ஸ். 8151-இல் அது கிடையாது, இரண்டாம் செமஸ்டருக்குப் போய்விட்டது. அதற்குப் பதில் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ் இருக்கும். ஒரு யூனிட் முழுக்கக் கோட்டை விட இது போதும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதல் இலக்கம் பாடத்தின் கடினத்தைச் சொல்லும்: 101 தொடக்கம், 400-க்கு மேல் இறுதியாண்டுப் பாடம். நம் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பும் இதே வழிதான்: 100 முதல் 199 வரை அடிப்படை, 200-களில் இடைநிலை, 300-களில் உயர்நிலை, 400-களில் மேம்பட்ட நிலை. அந்தக் கண்ணோடு 3151-ஐப் பார்த்து, மூன்றாம் ஆண்டுப் பாடம் என்று நினைத்தால் தப்பு.

சரி, கிரெடிட்டுக்கு, அதாவது மதிப்பெண் சராசரியில் ஒரு பாடத்துக்கு உள்ள எடைக்கு வருவோம்.

(திரையில்: 3 1 0 4)

சிலபஸில் பாடப் பெயருக்குப் பக்கத்தில் இந்த நாலு எண்கள் இருக்கும். வாரத்துக்கு 3 மணி நேரம் வகுப்பு, 1 டுட்டோரியல், லேப் இல்லை, மொத்தம் 4 கிரெடிட். லேப் மட்டும் பாதிதான்: பைத்தான் லேபுக்கு வாரம் 4 மணி நேரம் உட்கார்ந்தாலும் 2 கிரெடிட். கொஞ்சம் அநியாயமாகத்தான் தெரியும்.

எம்ஏ 3151, பைத்தான் லேப், இந்த இரண்டை மட்டும் வைத்துச் சராசரிப் புள்ளியைப் போட்டுப் பார்ப்போம். கணக்குப் பேப்பரில் கிரேடு பி பிளஸ், அதாவது 7 புள்ளி. லேபில் ஓ, 10 புள்ளி. ஏழை நாலால் பெருக்கினால் 28, பத்தை இரண்டால் பெருக்கினால் 20. கூட்டி, 6 கிரெடிட்டால் வகுத்தால் 8. கிரேடுகளை அப்படியே மாற்றிப் போடுங்கள், கணக்கில் ஓ, லேபில் பி பிளஸ். 40-உம் 14-உம் 54. ஆறால் வகுத்தால் 9! அதே இரண்டு கிரேடுதான், ஒரு முழுப் புள்ளி வித்தியாசம்.

அதனால் செமஸ்டர் தொடங்கியதும் சிலபஸில் அந்தக் கடைசி எண்ணை முதலில் பாருங்கள். கேள்வித்தாளை டவுன்லோட் செய்யும்போது, துறை எழுத்துக்கு அடுத்த இலக்கத்தை.