பதினொரு கதவுகள் மூடிய பிறகும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

டிஸ்லெக்ஸியா, அதாவது படிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் தடுமாற்றம் தரும் கற்றல் குறைபாடு. அது உள்ளவர்களிடம் ஓங்கி நிற்பது குறையா, திறமையா? திறமையே என்று பேச வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் எதிரணி அண்ணனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் எடுக்கிறவரை வேலைக்கு வைத்தால் கம்பெனி என்னாவது?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். அண்ணே, இதே கணக்கை அமெரிக்காவில் ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

கேரல் கிரைடர் என்று ஒரு விஞ்ஞானி. சின்ன வயதில் ஸ்பெல்லிங் வராது, தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், தன்னை முட்டாள் என்றே நினைத்துக்கொண்டு வளர்ந்தார். எழுத்துக்கூட்ட முடியாததால் சொற்களை முழுசு முழுசாக மனப்பாடம் செய்தார். அப்புறம் ஆராய்ச்சிப் படிப்புக்கு 13 இடங்களில் விண்ணப்பித்தார். கல்லூரி மதிப்பெண் நன்றாக இருக்கிறது, ஆய்வக அனுபவம் இருக்கிறது, நுழைவுத் தேர்வில் மட்டும் மதிப்பெண் குறைவு. எத்தனை பேர் கூப்பிட்டார்கள் தெரியுமா? இரண்டே பேர்! மிச்சம் பதினொன்றும் நம் அண்ணன் கட்சி.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1984, கிறிஸ்துமஸ் நாள், ஊரே லீவு. அந்த 23 வயதுப் பெண் ஆய்வகத்துக்குப் போய், சோதனை முடிவு பதிந்த ஃபிலிமைக் கழுவிப் பார்க்கிறார். ஏணிப்படி மாதிரி அடுக்கடுக்காகக் கோடுகள்! மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோமின் நுனியை நீட்டும் டெலோமரேஸ் என்ற நொதிக்கு அதுதான் முதல் தடயம். 2009இல் நோபல் பரிசு. போன் வந்தபோது வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாராம். அண்ணே, அந்தப் பதினொரு இடங்களுக்கும் அன்றைக்குச் செய்தி போயிருக்குமா, இல்லையா? சொல்லுங்கள்!

சிதறிக் கிடக்கும் தகவல்களைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கத்துக்கு, டிஸ்லெக்ஸியாவைச் சமாளிக்கக் கற்றுக்கொண்ட வழிகளும் காரணமாக இருக்கலாம் என்று கிரைடரே சொல்லியிருக்கிறார். 2022இல், வேலை தேடுவோரும் கொடுப்போரும் கூடும் லிங்க்ட்இன் இணையதளமே டிஸ்லெக்ஸியச் சிந்தனையைத் திறன்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

சரி, நோபலை விடுங்கள். இந்த அரங்கிலேயே ஒரு தாய் இருப்பார். பழுதான மிக்ஸியைப் பிரித்து மாட்டுகிற மகன், புத்தகத்தை எடுத்தால் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருப்பான். சோம்பேறி என்று பள்ளியில் சொன்னார்கள், நாமும் சொன்னோம். தாயே, அந்த ஒரு பக்கத்துக்காக அவன் மற்ற பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு உழைத்துக்கொண்டிருந்தானே, அது யார் கண்ணிலாவது பட்டதா? கற்றல் குறைபாட்டை நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் கேளுங்கள் அம்மா. தயங்காமல் கேளுங்கள்.

வணக்கம்.