சி டிரைவ் காலியாகத் தெரிகிறதா? ஸ்கேன்டிஸ்கைத் தொடாதீர்கள்

[திரை: 486 கணினி. கறுப்புத் திரையில் டிர் கட்டளையின் விடை.]

தோட்டத்து ஆபீசில் மூலையில் கிடந்த 486ஐ ஆன் செய்கிறீர்கள். கோப்புகளைப் பட்டியலிடும் டிர் கட்டளையை அடித்தால் நாலைந்து கோப்புகள்தான் வருகின்றன. விண்டோஸ் இல்லை, தொழிலாளர் வருகையும் சம்பளமும் எழுதும் செக்ரோல் கணக்கும் இல்லை. எல்லாம் அழிந்துபோனது போலத் தெரியும். பெரும்பாலும் அழிந்திருக்காது.

டிர் என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடும் ஏ எழுத்தும் சேர்த்து மறுபடி அடியுங்கள். மறைந்திருந்த ஒரு பெரிய கோப்பு வெளியே வரும். பெயரில் டிரைவ்ஸ்பேஸ் அல்லது டபிள்ஸ்பேஸ் இருக்கும், முடிவில் மூன்று சைபர். இரண்டும் டிஸ்க்கில் இடத்தை மிச்சப்படுத்தக் கோப்புகளைச் சுருக்கி வைக்கும் மென்பொருள்கள். உங்கள் சி டிரைவ் முழுவதும் அந்த ஒரே கோப்புக்குள்தான் இருக்கிறது. அதைத் திறந்து டிரைவாகக் காட்டும் டிரைவர் இந்த முறை ஏறவில்லை, அவ்வளவுதான். "இவ்வளவு பெரிய குப்பைக் கோப்பு எதற்கு" என்று யாராவது அதை அழித்துவிட்டால், அப்போதுதான் எல்லாம் போகும்.

[திரை: மூன்று ஃப்ளொப்பிகள், லேபிளில் 6.2, 6.21, 6.22]

பதிப்பைப் பாருங்கள். விண்டோஸுக்கு அடியில் ஓடும் எம்எஸ் டோஸ் இயங்குதளத்தின் 6.0, 6.2 இரண்டிலும் டபிள்ஸ்பேஸ். டிஸ்க் சுருக்கும் மென்பொருள் செய்த ஸ்டாக் நிறுவனம் தொடுத்த காப்புரிமை வழக்கில் 1994இல் மைக்ரோசாஃப்ட் தோற்றதால் 6.21இல் சுருக்கும் வசதியே கிடையாது. 6.22இல் டிரைவ்ஸ்பேஸ் என்ற பெயரில் திரும்பி வந்தது. யாரோ நல்லெண்ணத்தில் 6.21 ஃப்ளொப்பியால் பூட் செய்தால், டிரைவ் தெரியாமல் போவது இயல்பு. விண்டோஸ் 95 பிளஸ் தொகுப்போடு வந்த டிரைவ்ஸ்பேஸ் 3 ஆக்கிய டிரைவை 6.22 திறக்காது. எந்தப் பதிப்பு சுருக்கியதோ அந்தப் பதிப்பின் ஃப்ளொப்பியே வேண்டும்.

அந்த ஃப்ளொப்பியில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் டிரைவ்ஸ்பேஸ் அல்லது டபிள்ஸ்பேஸ் பெயரில், "பின்" (BIN) என்று முடியும் டிரைவர் கோப்பு இருக்கட்டும். மற்றதில் அதை அட்ரிப் கட்டளையால் வெளியே காட்டி அழித்துவிடுங்கள். முதலாவது டிரைவைத் திறந்து காட்டும், இரண்டாவது திறக்காமல் அடியில் உள்ள உண்மையான டிஸ்க்கைக் காட்டும். டிஸ்க்கைச் சோதித்துப் பழுது பார்க்கும் ஸ்கேன்டிஸ்க், அட்ரிப் இரண்டும் இரண்டு ஃப்ளொப்பியிலும் இருக்க வேண்டும். ஏனென்றால் டோஸ் அடைவு அந்தப் பெரிய கோப்புக்குள்தான் மாட்டியிருக்கிறது. ஃப்ளொப்பி கையில் இல்லாவிட்டால், "ஸ்டார்டிங் எம்எஸ் டோஸ்" என்ற வரி வந்தவுடன் கன்ட்ரோலும் எஃப் 5உம் சேர்த்து அழுத்தினாலும் டிரைவர் ஏறாது.

இனித்தான் முக்கியமான இடம். பலர் இங்கேயே ஸ்கேன்டிஸ்க் ஓட்டிவிடுகிறார்கள். வேண்டாம்.

[திரை: மதர்போர்டில் நீல நிற பெட்டரி, சுற்றிலும் பச்சைப் படிவு]

முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து பெட்டரியைப் பாருங்கள். 386, 486 போர்டுகள் பலவற்றில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பெட்டரி ஒட்டியிருக்கும். நுவரெலியா, தலவாக்கலை பக்கத்து ஈரத்தில் வருடக்கணக்கில் கிடந்தால் கசிந்து, பக்கத்துத் தடங்களை அரித்துவிடும். கழற்றி, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹோலால் கழுவுங்கள். அந்த இடத்தில் நாணய வடிவ லித்தியம் பெட்டரியை நேரே இணைக்கக் கூடாது. போர்டு அதைச் சார்ஜ் செய்ய முயலும், டயோடு போடாவிட்டால் பெட்டரி வெடிக்கலாம்.

பெட்டரி செத்தால் டிஸ்க்கின் அளவும் மறந்துவிடும். டிஸ்க் லேபிளில் அச்சிட்ட சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைப் பயோஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில்) டைப் 47 என்ற பயனர் வகையில் சரியாக எழுதுங்கள். 528 மெகாபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் எல்பிஏ, லார்ஜ், நார்மல் என்று முறைகள் உண்டு. பார்ட்டிஷன் பிரித்தபோது எது இருந்ததோ அதுவே வேண்டும். தப்பான எண்ணோடு படித்தால் ஒன்றுக்கொன்று பொருந்தாத செக்டர்கள் வரும். ஸ்கேன்டிஸ்க் அதைப் பழுது என்று நினைத்துத் "திருத்தும்". நல்லாயிருந்த கோப்பு அங்கேதான் நாசமாகிறது.

குளிரான ஸ்டோரிலிருந்து எடுத்து வந்த கணினியை உடனே ஆன் செய்யாதீர்கள். உள்ளே பனி பிடித்திருக்கும். இரண்டு மூன்று மணிநேரம் அறையில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

[திரை: டிஸ்க் நகல் எடுக்கும் கணினி]

அடுத்து, டிஸ்க்கின் முழு நகல். லினக்ஸ் கணினியில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் போதும். யுஎஸ்பி மாற்றிகள் பல மிகப் பழைய டிஸ்க்குகளை அடையாளம் காண்பதில்லை. பழைய டிஸ்க்குகளுக்கான ஐடிஇ சொருகி உள்ள பென்டியம் காலப் போர்டு கிடைத்தால் அதுவே நல்லது. பழுது பார்ப்பதெல்லாம் நகலின் மேல்தான். அசல் டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது ஸ்கேன்டிஸ்க். டிரைவைத் திறக்காத இரண்டாவது ஃப்ளொப்பியால் பூட் செய்து, முதலில் அடியிலுள்ள சி டிரைவ், பிறகு அந்தப் பெரிய கோப்பு. இரண்டையும் செக்ஒன்லி என்ற சுவிட்சோடு ஓட்டுங்கள். அது பார்க்கும், கை வைக்காது. அடித்தளத்தில் பிழை இருந்தால் முதலில் அதைத்தான் தீர்க்க வேண்டும். எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும், கீழே உள்ள ஃபாட் அட்டவணை தடுமாறியிருந்தால், மேலே செய்யும் திருத்தம் ஒன்றும் நிற்காது.

டிரைவ் துண்டு துண்டாகியிருப்பதால் மவுண்ட் செய்ய (திறக்க) முடியாது என்ற செய்தி வந்தால், டிரைவ்ஸ்பேஸ் ஐஎன்ஐ கோப்பின் மறைப்பை நீக்கி மேக்ஸ்ஃபைல்ஃப்ராக்மென்ட்ஸ் என்ற வரியின் எண்ணைக் கூட்டி மறுபடி பூட் செய்யுங்கள். பெரும்பாலும் திறந்துவிடும்.

இன்னொரு வழக்கமான முறைப்பாடு: டிர் 40 மெகாபைட் காலி என்று காட்டுகிறது, 25 மெகாபைட் ஜிப் கோப்பை எழுதினால் இடமில்லை என்கிறது. பழுது ஒன்றும் இல்லை. இரண்டுக்கு ஒன்று சுருங்கும் என்ற ஊகத்தில் சொன்ன கணக்கு அது. கிளாக்கர் எழுதிய கணக்குக் கோப்பு நன்றாகச் சுருங்கும், ஜிப்பும் ஜேபெக் படமும் சுருங்கவே சுருங்காது. டிர் கட்டளைக்குச் சாய்கோடும் சி எழுத்தும் சேர்த்தால் உண்மையான விகிதம் தெரியும். அதை ரேஷியோ சுவிட்சால் டிரைவ்ஸ்பேஸுக்குச் சொல்லிவிட்டால் பொய்க் கணக்கு நிற்கும். நினைவகம் போதாதபோது விண்டோஸ் 3.1 டிஸ்க்கில் பயன்படுத்தும் நிரந்தர ஸ்வாப் கோப்பைச் சுருக்கிய டிரைவில் வைக்க முடியாது. அடித்தள டிரைவில்தான் வைக்க வேண்டும்.

பழுது ஏன் வந்தது? மலைநாட்டில் இடைப்பருவ மழைக்காலத்தில் மத்தியானம் இடி விழும், கரண்ட் போகும். ஃபெக்டரியில் பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் சரியும். டிஸ்க்கை வேகப்படுத்தும் ஸ்மார்ட்டிரைவ் என்ற டோஸ் மென்பொருள், எழுத வேண்டியதை நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கும் நேரத்தில் இது நடந்தால், அந்தப் பெரிய கோப்பின் அட்டவணை பாதியில் நிற்கும். யுபிஎஸ் கட்டாயம். கணினி தொடங்கும்போது ஓடும் ஆட்டோஎக்செக் பேட் கோப்பில் ஸ்மார்ட்டிரைவுக்கு எக்ஸ் சுவிட்சைச் சேர்த்தால் பிடித்து வைத்துப் பிறகு எழுதும் பழக்கம் நிற்கும். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அந்தச் சுவிட்ச் 6.2இலிருந்துதான் உண்டு.

டிரைவ் திறந்ததும் கோப்புகளை 2 கிகாபைட்டுக்குள் பார்ட்டிஷன் செய்த காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டுக்கு எக்ஸ்கொப்பியால் மாற்றுங்கள். 6.22இன் எக்ஸ்கொப்பி மறைந்த கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் விட்டுவிடும். அதற்கு முன் அட்ரிப்பால் மறைப்பை நீக்குங்கள். மாற்றிய கார்டில் டிரைவ்ஸ்பேஸை மறுபடி ஏற்றத் தேவையில்லை.